வீட்டு வண்டியின் கூரைமேல் வெயில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கிலே, கலிபோர்ணியாவின் எல்லைக்கு அணித்தாக, அரிசோனாப் பாலைநிலத்தில் குவாற்ஸ்சைற் என்னும் சிற்றூர் ஒன்று உளது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே நிலையாக வாழ்வோர் ஏறக்குறைய 2,400 பேரே. ஆயினும், வட மாநிலங்களில் பனி கொட்டும் மார்கழி, தை மாதங்களில் அவ்வூரைச் சூழ்ந்த வெறுநிலமெங்கும் பல்லாயிரம் வண்டிகள் வந்து தங்கிவிடுகின்றன. அவை பொதி ஏற்றும் வண்டிகள் அல்ல. படுக்கை, அடுப்பங்கரை, குளியலறை, நீர்த்தொட்டி யாவும் உள்ளே அமைந்த வீட்டு வண்டிகள். ‘மோட்டார் ஹோம்’ என்பது அவற்றுக்கு அந்நாட்டில் வழங்கும் பெயர்.

இவ்வாறு வந்து தங்குவதற்கென, அந்நாட்டு மத்திய அரசின் நில முகாமைப் பணியகம் 1983இல் சில நிலப்பகுதிகளை ஒதுக்கிவைத்தது. செப்தெம்பர் 15 தொடக்கம் ஏப்பிரில் 15 வரை, கட்டணம் செலுத்தி அனுமதிச்சீட்டுப் பெற்றவர் அங்கே தங்கலாம். நிலம் உண்டு, வானம் உண்டு, சில இடங்களில் நீர் நிரப்பவும் கழிவுநீர் அகற்றவும் வசதி உண்டு. மின்சாரக் கம்பி மட்டும் இல்லை.

அங்கு வருவோர் எல்லாரும் இன்பச் செலவை நாடி வருபவர் என்று கருதுதல் பிழையாகும். ஓய்வூதியம் பெற்றுக் குளிருக்கு அஞ்சித் தெற்கே வரும் முதியோர் பலர். அவர்களோடு, வீட்டுக் கடனைக் கட்ட இயலாது 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீட்டை இழந்து, வண்டியையே வீடாகக் கொண்டவரும் உளர். அவர்தம் வாழ்வை விரித்துரைத்த ‘நோமாட்லாண்ட்’ என்னும் நூல் 2017இல் வெளிவந்தது. 2020இல் அது திரைப்படமாகவும் வந்து, மறு ஆண்டில் சிறந்த படத்துக்குரிய ஒஸ்கார் விருதைப் பெற்றது. வண்டியே வீடு என்றானபின், அவ்வண்டியின் மின்சாரம் ஆடம்பரப் பொருளாக இருத்தல் இயலாது.

அதனை ஓர் இரவில் வைத்துப் பார்ப்போம். பாலையிலே பகல் இதமாக இருப்பினும் நள்ளிரவுக்குப் பின் குளிர், நீர் உறையும் அளவை நெருங்கிவிடும். வண்டிக்குள் புரோப்பேன் வாயுவினால் எரியும் சூடேற்றி ஒன்று உண்டு. வாயுக் கலன் நிறைந்தே இருக்கிறது. ஆயினும் விடிவதற்கு மூன்று மணி நேரம் இருக்கையில் சூடேற்றி நின்றுவிடுகின்றது. காரணம் வாயுக் குறைவன்று. வெப்பத்தை அறைக்குள் தள்ளும் விசிறி பற்றரியினால் இயங்குவது. பற்றரி தளர, விசிறி மெல்லச் சுழல்கின்றது. காற்றின் வலுவை அறியும் சிறிய ஆளி ஒன்று, போதிய காற்று வராமையால் மூடாது நிற்கிறது. அந்த ஆளி மூடினாலன்றி வாயு திறவாது. இது தீ விபத்தைத் தடுப்பதற்கெனவே செய்யப்பட்ட ஏற்பாடு. ஆகவே, நெருப்புக்கு வேண்டிய எரிபொருள் கையில் இருந்தும் முதியவர் இருவர் குளிரில் நடுங்குகின்றனர். மருந்தைக் குளிரில் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியும் அவ்வாறே. அது வாயுவில் இயங்குவதாயினும், அதன் கட்டுப்பாட்டுப் பலகைக்குச் சிறிதளவு மின்சாரம் இன்றியமையாதது.

இக்குறையை நீக்கப் பழைய வழி, பெற்றோலில் ஓடும் மின்பிறப்பாக்கியே. அதன் இரைச்சலை அயலவர் பொறுப்பதில்லை. அதனிலும் பெருந்தீங்கு, அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகின்றவரை உறக்கத்திலேயே கொல்லவல்லது. குளிருக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்த வண்டியின் அருகே இரவு முழுவதும் பொறி ஓடுவது எத்துணை ஆபத்தென்பது சொல்லாமலே விளங்கும். பகல் முழுவதும் வீணே கூரைமேல் விழும் வெயிலைப் பிடித்து இரவுக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் இவ்விடத்திலேதான் பொருளுடையதாகிறது.

முதற்கண் அவ்வண்டியில் ஏற்கெனவே உள்ள மின் அமைப்பை அறிதல் வேண்டும். ஒரு வீட்டு வண்டியிலே இருவகைப் பற்றரிகள் உண்டு. ஒன்று வண்டியின் எஞ்சினைத் தொடக்குவது. மற்றது வீட்டுப் பகுதிக்குரியது. முன்னையது ஒரு கணத்தில் பெருமின்னோட்டத்தைக் கொட்டும் ஆற்றல் வாய்ந்தது, ஆனால் நெடுநேரம் சிறுகச் சிறுக இறைத்தாற் பழுதுறுவது. பின்னையது தடித்த ஈயத் தகடுகளால் ஆனது. ஆழமாக இறைத்தாலும் தாங்குவது. மின்னோட்டமும் அங்கே இருவகைப்படும். விளக்கு, நீர்ப்பம்பி, விசிறி முதலியன 12 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்குகின்றன. நுண்ணலை அடுப்பு, வளிச்சீராக்கி முதலியவற்றுக்கு அந்நாட்டு வீடுகளில் உள்ளது போல் 120 வோல்ற்று ஆடலோட்டம் வேண்டும். வெளியிலிருந்து கம்பி வழியே வரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கிப் பற்றரிக்கு ஊட்டும் கருவி ‘கொன்வேட்டர்’. பற்றரியின் நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் கருவி ‘இன்வேட்டர்’. பெயர்கள் ஒத்திருப்பினும் தொழில்கள் எதிரானவை. இவ்விரண்டையும் மாறிக் கருதுவதால் நேரும் ஒரு வேடிக்கையான இழப்பு பின்னர்க் கூறப்படும்.

வோல்ற்று, அம்பியர் என்னும் சொற்களைக் கண்டு நேயர்கள் மலைக்க வேண்டுவதில்லை. கிணற்றடியில் உயரமான தொட்டியொன்றிலிருந்து வாய்க்கால் வழியே நீர் பாய்வதை நினைத்துக்கொள்க. தொட்டி நிற்கும் உயரம் வோல்ற்று. வாய்க்காலில் ஓடும் நீரின் அளவு அம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது வாற்று. அதுவே செய்யக்கூடிய வேலையின் வேகம். ஓர் அம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஓர் அம்பியர்-மணி. பற்றரியின் கொள்ளளவு இவ்வளவையினாலேயே குறிக்கப்படுகின்றது.

இனி, ‘சோலர் பனல்’ என வழங்கும் சூரியப் பலகையைப் பார்ப்போம். ஒளி பட்டால் சில பொருள்களில் மின் தோன்றும் என்பதை 1839இல் பிரான்சு நாட்டு எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். எனினும் பயன்தரும் கலம் பிறக்க நூறாண்டுக்கு மேலாயிற்று. 1954ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர், சிலிக்கனாலான சூரியக் கலத்தை உலகுக்குக் காட்டினர். விழுந்த ஒளியாற்றலில் ஏறக்குறைய நூற்றுக்கு 6 பங்கை அது மின்னாக்கிற்று. இன்று கடைகளில் விற்கும் நல்ல பலகைகள் நூற்றுக்கு 20 பங்கைக் கடந்துவிட்டன. 1958 மார்ச்சு மாதம் ஏவப்பட்ட ‘வங்காட் 1’ என்னும் சிறு செயற்கைக்கோளில் இரண்டு வானொலிப் பரப்பிகள் இருந்தன. பற்றரியால் இயங்கிய பரப்பி அவ்வாண்டு யூன் மாதத்திலேயே ஓய்ந்தது. சூரியக் கலத்தால் இயங்கியதோ 1964 மே வரை ஒலித்துக்கொண்டிருந்தது. வானொலி நேயர்களுக்கு இதனினும் ஏற்ற சான்று கிடைப்பதரிது.

கலத்தின் இயக்கம் சுருக்கமாக இது. தூய சிலிக்கனின் ஒரு பக்கத்தில் மிகச் சிறிதளவு போரனும் மறு பக்கத்தில் பொசுபரசும் கலக்கப்படுகின்றன. இரண்டும் சந்திக்கும் எல்லையில், இலத்திரன்களை ஒரு திசையிலே தள்ளும் மின்புலம் உண்டாகின்றது. ஒளி பட்டு விடுபட்ட இலத்திரன்கள் அவ்வழியே தள்ளப்பட்டு, வெளிக்கம்பியினூடாகச் சுற்றி வருகின்றன. வேலை செய்யும்பொழுது ஒரு கலம் தருவது அரை வோல்ற்று அளவே. ஆகவேதான் 12 வோல்ற்றுப் பற்றரிக்கென ஆன பலகைகளிற் பெரும்பாலும் 36 கலங்களைத் தொடராக இணைத்து 18 வோல்ற்று ஆக்குகின்றனர். பன்னிரண்டுக்குப் பதினெட்டு ஏன் எனின், நிறைகின்ற பற்றரி 14 வோல்ற்றுக்கு மேலும் கேட்கும். அன்றியும் வெயிலிற் சூடேறிய பலகையின் வோல்ற்றளவு குறையும். வெயில் மிகுதியாக எரித்தால் மின் மிகுதியாகும் என்பது பலர் எண்ணம். ஒளி மிகுந்தாற் கூடும், உண்மை. சூடு மிகுந்தாற் குறையும். கலம் ஒரு பாகை சூடேற, நூற்றுக்கு 0.4 பங்களவு ஆற்றல் குறைகின்றது. இதனாலேயே பலகையைக் கூரையோடு ஒட்டவையாது, அடியிற் காற்றோடும்படி சில அங்குல இடைவெளி விட்டுப் பொருத்துவர்.

கடைக்குச் சென்று பலகை வாங்குவதற்கு முன் கணக்கொன்று போடல் வேண்டும். இதனைச் செய்யாது, கூரையில் இடமிருக்கும் அளவுக்குப் பலகை வாங்கியவரும், மலிவாகக் கிடைத்த ஒன்றை மட்டும் வாங்கியவரும் ஒருங்கே ஏமாறுவர்.

இருவர் வாழும் வண்டியொன்றின் குளிர்கால நாளை எடுத்துக்கொள்வோம். நான்கு சிறு விளக்குகள் ஒவ்வொன்றும் கால் அம்பியர். ஐந்து மணி நேரம் எரிந்தால் 5 அம்பியர்-மணி. நீர்ப்பம்பி 6 அம்பியர். நாள் முழுவதிலும் இருபது நிமிடம் ஓடினால் 2. சூடேற்றியின் விசிறி 7 அம்பியர். இரவில் விட்டுவிட்டு ஓடும் நேரம் நான்கு மணி எனின் 28. குளிர்சாதனப் பெட்டியின் கட்டுப்பாடு, நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி முதலிய ஓயாத சிறு செலவுகள் அரை அம்பியர். இருபத்துநான்கு மணிக்கு 12. வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசிக்கு 8. ஆக மொத்தம் 55 அம்பியர்-மணி. 12 வோல்ற்றாற் பெருக்க 660 வாற்று-மணி. இதிலே கவனிக்கத்தக்கது, பாதிக்கு மேற்பட்ட செலவு சூடேற்றி விசிறி ஒன்றுக்கே போவது. கண்ணுக்குத் தெரியும் விளக்கை அணைத்து அணைத்துச் சிக்கனம் பேணுவோர், கண்ணுக்குத் தெரியாத விசிறியை மறந்துவிடுகின்றனர். இரவிலே இன்னொரு கம்பளியைப் போர்த்துக்கொள்வது ஒரு பலகை வாங்குவதற்குச் சமமாகக்கூடும்.

வரவைப் பார்ப்போம். குவாற்ஸ்சைற் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 33.7 பாகையில் உள்ளது. மார்கழிப் பிற்பகுதியில் நண்பகற் சூரியன் அங்கே அடிவானுக்கு மேல் 33 பாகை உயரமே எழும். கூரையிற் படுக்கவைத்த பலகை, நேரே எதிர்கொள்ளும் பலகை பெறும் நேர்க்கதிரில் நண்பகலிற்கூடப் பாதிக்குச் சற்று மேலாகவே பெறும். ஒரு நாளின் வெயில் முழுவதையும் ‘முழு வெயில் மணி’ என்னும் அளவையாற் கணித்தால், படுத்த பலகைக்கு ஏறக்குறைய மூன்று மணியும், தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்திய பலகைக்கு ஐந்து மணியும் கிடைக்கும். சூடு, தூசி, கம்பி, பற்றரியினுள் நேரும் இழப்பு எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு முப்பது கழித்துவிடுக. 100 வாற்றுப் பலகை படுத்திருந்தால் நாளொன்றுக்கு 210 வாற்று-மணியும், சாய்ந்திருந்தால் 350 வாற்று-மணியும் தரும். வேண்டியதோ 660. படுத்தவை மூன்றாயின் 630, போதாது, நான்காயின் 840. சாய்த்தவை இரண்டே போதும், எனினும் முகில் மூடிய நாளுக்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே நான்கு பலகை, 400 வாற்று என்பது இத்தகைய குடும்பத்துக்குப் பொருத்தமான அளவு. தெற்கு நோக்கிப் பலகையைச் சாய்க்க விரும்புவோர் வண்டியைக் கிழக்கு மேற்காக நிறுத்துவது வழக்கம். நிலநடுக்கோட்டை அணித்தாயுள்ள இலங்கை போன்ற நாட்டிலே இச்சிக்கல் சிறிது; மழைநீர் வழிந்தோடும் அளவு சரிவே அங்கு போதும்.

பற்றரியின் கணக்கு வேறு. ஈயமும் சல்பூரிக்கமிலமும் கொண்ட பற்றரியில் பாதிக்கு மேல் இறைத்தல் அதன் ஆயுளைக் குறைக்கும். நாளுக்கு 55 அம்பியர்-மணி வேண்டுமாயின் பற்றரி 110 கொள்ள வேண்டும். இரு நாள் முகில் மூடினும் தாங்க வேண்டுமாயின் 220. அமெரிக்காவில் பலர் இதற்குக் கையாளும் வழி, கொல்ப் விளையாட்டுத் திடல்களில் ஓடும் சிறு வண்டிகளுக்கென ஆன 6 வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைப்பது. ஒன்று ஏறக்குறைய 28 கிலோகிராம் எடையுடையது. அடிமை போல் உழைப்பது, விலையும் நயமானது. ஆனால் காலந்தோறும் காய்ச்சிவடித்த நீர் விடல் வேண்டும். மின்னேறும்பொழுது அது ஐதரசன் வாயுவை வெளிவிடுதலால், வெளிக்காற்றோடு தொடர்புள்ள பெட்டியில் வைத்தல் வேண்டும். படுக்கையின் கீழ் வைத்தல் ஆகாது.

பலகையையும் பற்றரியையும் நேரே இணைத்துவிடலாமோ எனின், கூடாது. பற்றரி நிறைந்த பின்னும் ஊட்டிக்கொண்டே இருந்தால் அமிலம் கொதித்து வற்றும். இடையே நின்று அளந்து கொடுப்பதற்கு ‘மின்னேற்றக் கட்டுப்படுத்தி’ ஒன்று தேவை. இதில் இருவகை உண்டு. மலிவான வகை, மடையைத் திறந்து மூடும் காவற்காரன் போன்றது. பலகையின் அம்பியர் எவ்வளவோ அவ்வளவையே பற்றரிக்கு விடும். 18 வோல்ற்றில் 5.5 அம்பியர் தரும் 100 வாற்றுப் பலகையை அது 13 வோல்ற்றிலுள்ள பற்றரியோடு சேர்த்தால், பற்றரி பெறுவது 71 வாற்றளவே. மீதி பயன்படாது போகும். விலை கூடிய வகையோ, மிகையான வோல்ற்றைக் குறைத்து அதற்கீடாக அம்பியரைக் கூட்டித் தருவது. அதே பலகையிலிருந்து 7 அம்பியருக்கு மேல் பற்றரிக்குச் சேரும். குளிர்ந்த பகலிலே இதன் ஆதாயம் மிகும். கொதிக்கும் கோடையிற் குறையும். பலகை ஒன்றே உடையவர் மலிவானதோடு அமைதல் குற்றமன்று. நான்கு பலகை உடையவர் சிக்கனம் பேணுவது ஐந்தாவது பலகையை விலைகொடுத்து வாங்கி எறிவதற்கு ஒப்பாகும்.

கம்பியின் தடிப்பைப் பற்றி எவரும் பெரிதாகக் கருதுவதில்லை. பெரும்பாலான ஏமாற்றங்கள் அங்கேயே பிறக்கின்றன. 20 அம்பியர் ஓட்டத்தை, 4 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியில், 5 மீற்றர் தூரம் கொண்டுசெல்வதாகக் கொள்வோம். போகவும் வரவும் 10 மீற்றர். வழியிலே இழப்பு 0.86 வோல்ற்று. கட்டுப்படுத்தி 14.4 வோல்ற்று விடுவதாகக் காட்டிக்கொண்டிருக்க, பற்றரிக்குப் போய்ச் சேர்வது 13.5 அளவே. கருவி ‘நிறைந்தது’ என்று கூறும், பற்றரி நிறைந்திராது. நாள்தோறும் அரைவயிற்றோடு கிடக்கும் ஈயப் பற்றரியின் தகடுகளிலே ஈயச் சல்பேற்றுப் படிகங்கள் இறுகி, ஓரிரு ஆண்டில் அது பயனற்றுப்போகும். உடைமையாளர் பலகையைக் குறைகூறுவார், விற்றவனையும் ஏசுவார். அதே தூரத்தை 16 சதுர மில்லிமீற்றர்க் கம்பியிற் கடந்தால் இழப்பு 0.22 வோல்ற்றுக்கு மேற்படாது. ஆதலின் கட்டுப்படுத்தியைப் பற்றரிக்கு மிக அணித்தாக வைத்து, இடையிலுள்ள கம்பியைத் தடிப்பாக்குதல் முறை. இணைக்கும் பொழுது முதலிற் பற்றரியையும் அதன் பின்னரே பலகையையும் கட்டுப்படுத்தியோடு சேர்க்க வேண்டும். கழற்றும் பொழுது முதலிற் பலகையைக் கழற்ற வேண்டும்.

பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகில் உருகி ஒன்று இருத்தல் கட்டாயம். 12 வோல்ற்று கையைச் சுடாது என்பது உண்மையே. ஆயினும் கம்பி தேய்ந்து வண்டியின் இரும்பைத் தொட்டால், பற்றரி ஒரு கணத்தில் ஆயிரம் அம்பியருக்கு மேலும் கொட்டும். கம்பி செந்தணலாகும். மரமும் நுரைப்பஞ்சும் நிறைந்த வண்டி எரிந்துபோகச் சில நிமிடம் போதும். வீட்டு ஆடலோட்டத்துக்கு ஆன ஆளிகளை இங்கே பொருத்துவதும் தவறு. ஆடலோட்டம் ஒரு வினாடியிற் பன்முறை சுழியத்தைத் தொடுவதால் அதில் எழும் பொறி தானே அணையும். நேரோட்டத்தில் எழும் பொறி அணையாது எரியும்.

நிழல் மற்றொரு பகைவன். 36 கலங்களும் ஒரே சங்கிலியாகத் தொடர்ந்திருப்பதால், ஒரு கலத்தின் மேல் விழும் நிழல் முழுப் பலகையின் ஓட்டத்தையும் தடுக்கக்கூடும். ஒரு வாய்க்காலில் ஓரிடத்தில் மண்சரிந்தால் கீழ்த்தோட்டம் முழுவதும் வாடுவது போன்றது இது. பலகையின் பின்புறத்தில் இருவாயிகளை அமைத்து, நிழல்பட்ட பகுதியை விலக்கி ஓட்டத்தை வேறு வழியே செல்ல விடுவர். எனினும் இழப்பு முற்றாக நீங்குவதில்லை. வீட்டு வண்டியின் கூரையிலோ வளிச்சீராக்கி, காற்றுப்போக்கி, தொலைக்காட்சி அலைவாங்கி என நிழல்தரும் பொருள்கள் பல. மார்கழி மாதத்துத் தாழ்ந்த சூரியனில் அவற்றின் நிழல் நீளும். கோடையிலே அளவெடுத்துப் பொருத்திய பலகை குளிர்காலத்தில் வளிச்சீராக்கியின் நிழலிற் கிடப்பதைக் கண்டு வருந்துவோர் பலர். நிழல் விழக்கூடிய கூரையிலே பலகைகளைச் சமாந்தரமாக இணைத்தால், ஒன்று நிழலுற்றாலும் ஏனையவை உழைக்கும். திறந்த கூரையிலே தொடராக இணைத்தால் வோல்ற்றுக் கூடி, அம்பியர் குறைந்து, கம்பியில் இழப்பும் குறையும். அதற்கு ஏற்ற கட்டுப்படுத்தி மட்டும் வேண்டும்.

மேலே குறித்த வேடிக்கையான இழப்புக்கு வருவோம். இன்வேட்டரைப் புதிதாகப் பொருத்தியவர், அது தரும் ஆடலோட்டத்தை வண்டியின் முழுச் சுற்றுக்கும் கொடுத்துவிடுகிறார். அச்சுற்றிலே கொன்வேட்டரும் உண்டு என்பதை மறந்துவிடுகிறார். பற்றரியிலிருந்து இன்வேட்டர் மின் எடுக்கின்றது. அதைக் கொன்வேட்டர் வாங்கித் திரும்பப் பற்றரிக்கே ஊட்டுகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு வெப்பமாகிக் கழிய, இரவுக்கு வைத்த மின் யாருக்கும் பயன்படாது தீர்கின்றது. இன்வேட்டர் இயங்கும்போது கொன்வேட்டரின் ஆளியை நிறுத்துவதே மருந்து. அவ்வாறே, வாயுவில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டி ஆடலோட்டம் வந்தவுடன் தானே மின்னுக்கு மாறுவதும் உண்டு. அது 300 வாற்றுக்கு மேல் விழுங்கும். வளிச்சீராக்கியைச் சூரியப் பலகையால் ஓட்டலாம் என்று விற்பனையாளர் கூறினால் கணக்கைக் கேட்க வேண்டும். 1,500 வாற்றுக்கு 12 வோல்ற்றில் 125 அம்பியர். மேலே கூறிய இரண்டு பற்றரிகளிலும் பயன்படத்தக்க மின் முழுவதும் ஒரு மணி நேரத்திற்குள் தீர்ந்துவிடும்.

அண்மைக்காலத்தில் ஈயப் பற்றரிக்குப் பதிலாக இலிதியம்-இரும்பு-பொஸ்பேற்றுப் பற்றரியைப் பலர் நாடுகின்றனர். எடை அரைவாசிக்கும் குறைவு. கொள்ளளவில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வரை இறைக்கலாம். நீர் விடும் வேலையில்லை. எனினும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. வெப்பநிலை சுழியப் பாகைக்குக் கீழே இறங்கிய வேளையில் அதற்கு மின்னேற்றலாகாது. ஏற்றினாற் கலத்தினுள் இலிதிய உலோகம் படிந்து கெடும். இரண்டாவது, அது வண்டி எஞ்சினின் மின்னாக்கியிடமிருந்து தடையின்றி ஓட்டத்தை இழுக்கும். எஞ்சின் மெல்ல ஓடுகையிற் குளிர்காற்றுப் போதாத மின்னாக்கி அவ்விழுப்பைத் தாங்காது கருகிவிடக்கூடும். இரண்டுக்கும் இடையே ஓட்டத்தை அளவிட்டுக் கொடுக்கும் கருவியொன்றைப் பொருத்துதல் வேண்டும்.

மின்னைப் பற்றிய இத்தனை எச்சரிக்கைகளுக்கு மேலாக, தச்சு வேலையைச் சார்ந்த எச்சரிக்கையும் ஒன்று உண்டு. பலகையைப் பொருத்தக் கூரையில் இடும் ஒவ்வொரு துளையும் மழைநீருக்கு ஒரு வாயில். வீட்டு வண்டிகளின் கூரை பெரும்பாலும் மெல்லிய றப்பர்த் தோலின் கீழ் ஒட்டுப்பலகை கொண்டது. துளையின் வழியே கசிந்த நீர் உள்ளே பரவி, வெளியே தெரியுமுன் மரத்தை உழுக்கச் செய்துவிடும். மின் அமைப்புக்குச் செலவிட்டதைப் பார்க்கிலும் கூரையைப் புதுக்க மும்மடங்கு செலவானாலும் வியப்பில்லை. திருகாணி ஒவ்வொன்றின் தலையையும் அக்கூரைக்குரிய பசையால் மூடி, ஆண்டுக்கொருமுறை ஏறிப் பார்த்தல் வேண்டும்.

கூரைமேல் ஏறும் அந்நாளிலேயே பலகைகளின் மேற் படிந்த பாலைத் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மற்ற நாள்களில், விடியற்காலையில் விளக்கேற்றுமுன் வோல்ற்றுமானியைப் பார்ப்பதே போதிய கவனிப்பு. ஓய்ந்திருக்கும் ஈயப் பற்றரி 12.7 காட்டினால் நிறைந்தது, 12.2 பாதியளவு, அதற்கும் கீழாயின் அன்றிரவு சூடேற்றியைச் சற்றுத் தாழ்த்தி வைக்கவேண்டும்.

அவ்வூரிலே ஹாஜி அலி என்பவருடைய சமாதி உண்டு. 1856இல் அமெரிக்கப் படையினர் இப்பாலையைக் கடப்பதற்கென ஒட்டகங்களைத் தருவித்தபோது அவற்றை ஓட்ட வந்தவர் அவர். 1902இல் அங்கே இறந்தார். 1935இல் எழுப்பிய அந்நினைவுச் சின்னம் கூம்பக வடிவானது, உச்சியில் ஓர் ஒட்டக உருவம் நிற்பது. ஏப்பிரில் நடுப்பகுதியில் வெயில் கடுத்ததும் வண்டிகள் அவ்வூரைக் கடந்து வடக்கே திரும்புகின்றன. அப்பொழுது சூரியன் உயர்ந்துவிடுவதாற் பலகைகளைச் சாய்க்க வேண்டியதில்லை. படுத்தபடியே, ஓடும் வண்டியின் மேலும் அவை உழைக்கும். ஆனால் புறப்படுமுன் கூரைமேல் ஏறிச் சாய்கால்களை மடக்கிப் பலகைகளைப் படுக்கவைக்க மறந்தவர், நெடுஞ்சாலையின் முதற் காற்றிலேயே அவற்றை இழப்பர்.